மாற்றிய இடுப்போடு மேகமலை ஏறினேன்

இடுப்பு மூட்டை மாற்றியவர்கள் மலைப்பாதையில் போகலாமா என்று நானும் இணையத்தில் தேடினேன். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உத்தமபாளையத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். போன வருடம் மதுரையில் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். நொண்டல் போயிற்று, வலி போகவில்லை. எழும்போதெல்லாம் இடுப்புக்குப் பின்பக்கம் சுருக்கென்றது. "டாக்டர், போட்ட சரக்கு சரியில்லையோ?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்தபடி பின்னால் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அலறிவிட்டேன். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டாம். பல வருடம் நொண்டி நடந்ததில் அதுவும் கெட்டிருக்கிறது. அந்த மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டதும் வலி காணாமல் போனது. இடம் அதுதான் என்று உறுதியானது. பிறகு மூன்று மாதம் உடற்பயிற்சி; வலி அடங்கியது.

மேகமலையில் நேரில் பார்த்துக் காய் எடுப்பதுதான் என் பிழைப்பு. மனைவி சரசு கறாராகச் சொல்லிவிட்டாள்: "மலையில ஒரு தடவ வலிச்சாலும் அதோட இந்தப் போக்குவரத்த விட்டுரணும். நானும் கூட வருவேன்."

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வாடகைக் கார் 3,500 ரூபாய். சின்னமனூர் 13 கிலோமீட்டர், அங்கிருந்து மலைக்குச் சுமார் 40. முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க, 650 ரூபாய் மெத்தை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடை.

டிரைவர் முருகனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இப்படி நின்னு நின்னு போனா பின்னால வர்ற பஸ்ஸு முந்திரும்."

"முந்தட்டும்லே. அதுல இருக்கவுக இடுப்பு கம்பெனியில வந்தபடியே இருக்கு. நம்மளது பார்ட்ஸ் மாத்துனது."

பத்து மணிக்கு எஸ்டேட் சேர்ந்தோம். ஏலக்காய் மூட்டையில் மேலாக நல்ல காய்தான் இருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடிவரை கையை விட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அப்படி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து, பழக்கதோஷத்தில் நானும் மடங்கப் போனேன்.

"ஏங்க!" என்று சரசு போட்ட சத்தத்தில் களமே திரும்பியது. விஷயம் புரிந்ததும் கங்காணி மாரியம்மாள், "அங்கன கெடக்குற பெஞ்ச இழுங்கடி" என்று மூட்டையை அதன்மேல் தூக்கி வைக்கச் சொன்னார். "மொதலாளி இடுப்பத்தான மாத்துனாக, கைய மாத்தலையே? அடிவரைக்கும் விட்டுப் பாருங்க. எங்க காய் ஒண்ணும் பயப்படாது."

தோள்வரை விட்டேன். அடியிலும் அதே பச்சை, அதே பருமன். நான்கு மூட்டை எடுத்தேன். இடுப்பு மூச்சுக்கூட விடவில்லை.

உங்களுக்குச் சில விஷயங்கள். மூட்டு மாற்றிய பிறகும் பின்பக்கம் வலித்தால் முதுகெலும்பின் அடியில் இருக்கும் மூட்டையும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் சரி சொல்லாமல் மலை ஏறாதீர்கள். தங்குவதாக இருந்தால் அங்கே வெஸ்டர்ன் கழிப்பறை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மாலை நான்கு மணிக்கு வீட்டு வாசலில் யார் உதவியும் இல்லாமல் இறங்கி நிமிர்ந்து நின்றேன். சரசு மட்டும் காரிலேயே இருந்தாள்.

"ஏங்க, இடுப்பு பிடிச்சுக்கிருச்சு. கொஞ்சம் கை குடுங்க."

அதனால், மெத்தையை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.