பூட்டு மட்டும் அனுப்பினேன்

முதல் நாள்

அந்த அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, பெட்டி எடை பார்ப்பது. டாக்டர் படிப்புக்குப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் கன்சல்டன்சி அது. சேலத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. அதன் பெயரையோ அந்த நாட்டின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை, வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த வழக்கில் உள்ள பெண்பிள்ளையின் பெயரை எழுதுவது சட்டப்படியே குற்றம்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆட்டையாம்பட்டியில் பதினெட்டு வருடம் தறி ஓட்டிவிட்டு, காது மந்தமாகத் தொடங்கியதும் அட்டெண்டர் வேலைக்கு வந்தேன். முதல் நாள் எம்.டி. சாரிடம் படிப்பு குறைவு என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"உன்னைய பாஸ்போர்ட்டு ஃபாரமா ரொப்பச் சொல்றேன்? முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கத் தெரியுமில்ல? இருவத்திமூணு கிலோவத் தாண்டுச்சுன்னா ஏர்போர்ட்டுல பொட்டியப் பிரிச்சுப் போட்டு அழுவாங்க. அவ்வளவுதான் உன் படிப்பு" என்றார்.

அன்று ஒரு பெட்டியிலிருந்து நான் எடுத்து வெளியே வைத்தது ஓர் ஆட்டுக்கல் குழவி. பெட்டிக்காரப் பையனின் அம்மா என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். எனக்கு அந்த வேலை பிடித்துப் போனது.

குரலில் வந்த லிஸ்ட்

புது பேட்ச் கிளம்பும்போது, ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பார்சல் போகும். ஆளுக்கு இரண்டு கிலோ. பருப்புப்பொடி, முறுக்கு, தைலம், ஸ்வெட்டர். இதைச் சேர்த்துக் கட்டும் வேலையும் எனக்கே வந்தது. சார் எல்லாப் பெற்றோருக்கும் என் நம்பரைக் கொடுத்து, "பசங்களுக்கு என்ன வேணும்னாலும் இவருகிட்டச் சொல்லச் சொல்லுங்க, ஆபீஸுல சொன்ன மாதிரி" என்று கூட்டத்திலேயே சொன்னார்.

பிள்ளைகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். எனக்கு அதைப் படிக்க வராது. அதனால், "எழுத வேண்டாம் சாமி, பேசி அனுப்புங்க" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஒரு பேட்சுக்கு நாற்பது, ஐம்பது குரல் வரும். போனைக் காதில் வைத்துக்கொண்டே பொருளை எடுத்துப் பைக்குள் போடுவேன். பை கட்டியானதும் அந்தக் குரலை அழித்துவிடுவேன். அழித்திருந்தால் கட்டியாகிவிட்டது என்று கணக்கு. என் போன் சின்ன போன், இடமும் பற்றாது. நாலு பேட்ச் அப்படித்தான் போனது. ஒரு பொருள்கூட மாறவில்லை என்று சாரே எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

ரிக் வண்டிக்காரர் மகள்

அந்தப் பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர், வருடத்தில் பத்து மாதம் வடநாட்டில் போர் போட்டுக்கொண்டிருப்பார். அம்மா வீட்டில் மாடு கன்று பார்ப்பவர். பிள்ளை கிளம்பிய அன்று பெட்டி சரியாக இருபத்திரண்டு தொள்ளாயிரம் நின்றது. "ஏனுங்ணா, இன்னும் நூறு கிராமுக்கு என்ன வெக்கலாம்?" என்று சிரித்தாள். ஒரு சோப்பு வைக்கச் சொன்னேன்.

இரண்டாம் வருடம் ஒரு பார்சலுக்கு அவளிடமிருந்து குரல் வந்தது. பருப்புப்பொடி, முறுக்கு, தைலம். அதற்குப் பிறகு, "ஒரு பூட்டுங்ணா, பெருசா" என்றாள். பிறகு சத்தம் இல்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பேச்சு முடிந்தது என்று போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

இரும்புக் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் பழக்கமானவர்.

"எதுக்குங்க? மாட்டுக் கொட்டாய்க்கா, ஊட்டுக்கா?"

"ஃபாரின் போகுதுங்க."

"ஃபாரினுக்கு இங்கிருந்து பூட்டா! அப்ப எங்கடையில இருக்கறதுலயே கனமானதக் குடுத்தாத்தான் நம்ம மானம் நிக்கும்" என்று சிரித்தபடி பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்று சாவி. எடை ஏறுகிறது என்று முறுக்கில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பூட்டை வைத்தேன். பையைக் கட்டினேன். குரலை அழித்தேன்.

ஹாஸ்டல் அறைக்குப் பூட்டு கல்லூரியே கொடுக்கும், இவளுக்கு எதற்கு இன்னொன்று என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வயசுப்பிள்ளையிடம் தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று நினைப்பவன் நான். அதை நல்ல குணம் என்றும் நினைத்திருந்தேன்.

செமினார் நடந்த காலை

பார்சல் போய் ஒரு மாதம் இருக்கும். காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளையோடு ஒரே அறையில் இருக்கும் ஆத்தூர்ப் பெண் என்னைக் கூப்பிட்டாள். ஆபீஸ் நம்பரை யாரும் எடுக்கவில்லையாம். அன்று ஒரு ஹோட்டலில் புது அட்மிஷன் செமினார், எல்லோரும் அங்கே இருந்தோம்.

"அண்ணா, அந்த கோ-ஆர்டினேட்டர் அவளைக் கெடுத்துட்டான் அண்ணா. நேத்து. நான் கிளாஸுக்குப் போயிட்டேன். இவ குளிக்கக் கூட மாட்டேங்கிறா, பேச மாட்டேங்கிறா. நாங்க யாருகிட்ட அண்ணா சொல்றது?"

கோ-ஆர்டினேட்டர் என்பவன் அங்கேயே ஐந்தாம் வருடம் படிப்பவன், நம் பக்கத்துப் பையன்தான். எங்கள் அலுவலகத்துக்கு அங்கே அவன்தான் எல்லாம். ஏர்போர்ட்டில் பிள்ளைகளை அழைப்பான், ஹாஸ்டலில் சேர்ப்பான். பதிவு செய்ய வேண்டும் என்று பாஸ்போர்ட்டுகளை வாங்கித் தானே வைத்துக்கொள்வான். நம்பி அனுப்பும் அம்மாக்கள் அவனுக்கென்று தனியாக அதிரசம் கொடுத்துவிடுவார்கள். அதையும் நான்தான் கட்டுவேன்.

"இரு சாமி, சார்கிட்டச் சொல்லீட்டுக் கூப்படறேன்" என்று சொல்லிவிட்டு நேராக சாரிடம் போனேன்.

நான் செய்த இரண்டாவது தப்பு அது. அவள் குளிக்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னாளே, அப்போதே, "குளிக்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, அங்கிருந்தே இந்தியத் தூதரகத்துக்குப் போன் போடு" என்று சொல்லியிருக்க வேண்டும். தூதரகத்தின் அவசர நம்பர் எங்கள் ஆபீஸ் சுவரிலேயே ஒட்டியிருந்தது. ஒட்டியவனும் நான்தான். எதற்கு அது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சார் என்னை ஹோட்டலின் பின்பக்கம் கூட்டிப்போனார். முழுக்கக் கேட்டார். பிறகு என் எதிரிலேயே ஸ்பீக்கரில் கோ-ஆர்டினேட்டருக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்த ரிக் வண்டிக்காரர் புள்ள என்னமோ சொல்லுதாமே. நீ மொதல்ல போயிப் பேசிச் சமாதானம் பண்ணு. பேரண்ட்ஸ் குரூப்புல ஒரு வார்த்தை வரக் கூடாது. உள்ள நூத்தியம்பது பேரு உக்காந்திருக்காங்க."

எதிர்முனையில் அவன், "நான் பாத்துக்கறேங்க சார்" என்றான். ஒரு கோர்ட்டில் சாட்சி சொல்லும் நாள் வந்தால், இந்த மூன்று வார்த்தையை அவன் சொன்ன தொனியிலேயே நான் சொல்லிக் காட்டுவேன்.

"சார், ஆஸ்பத்திரிக்கு…" என்றேன்.

"உன் வேலை பொட்டி கட்டறது. போயி ஜூஸ் வந்துச்சான்னு பாரு."

போய்ப் பார்த்தேன். நூற்றைம்பது டம்ளர் ஜூஸ் கொடுத்தேன். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் என் கையிலிருந்து வாங்கிக் குடித்தார்கள். மேடையில் சார், "உங்க பொண்ணு அங்க எங்க பொண்ணுங்க" என்று பேசிக்கொண்டிருந்தார்.

டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். போனில் சொல்லும் விஷயம் இல்லை என்று அவள் வீட்டுக்கே போனேன். அம்மா சாணி கூட்டிக்கொண்டிருந்தார். கிழக்கே பார்த்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"என்ற புள்ள உசுரோட இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அது போதும். மத்ததெல்லாம் பொறவு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கணவருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ரிக் ஓடும் சத்தம். அம்மா இரண்டு முறை கத்திய பிறகு மிஷின் நின்றது. அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, "ரிப்போர்ட்டு குடுத்தாச்சா?" என்பதுதான். கம்பெனி என்ன சொல்லுது, ஊர் என்ன சொல்லும் என்று அவர் கேட்கவே இல்லை.

ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் கோ-ஆர்டினேட்டர் அந்த அறைக்குப் போயிருந்தான். அழுதிருக்கிறான், காலில் விழுந்திருக்கிறான், கடைசியில் பாஸ்போர்ட்டைக் காட்டி மிரட்டியிருக்கிறான். அவளைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, துணியையும் மிஷினில் போட வைத்துவிட்டுத்தான் போனான். அப்பாவே தூதரகத்துக்குப் போன் போட்டு, மறுநாள்தான் பிள்ளைகள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தூதரகத்து ஆள் ஒருவர் கூடப்போய், மொழிபெயர்ப்பாளரை வைத்துப் போலீசில் எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டையும் அவர்தான் வாங்கித் தந்தார். டாக்டர் கண்டதை எழுதினார். "நேற்றே வந்திருந்தால் இன்னும் எழுதியிருக்கலாம்" என்றும் சொன்னாராம்.

அந்த ஒரு நாள் என்னால் போன நாள். நான் சாரிடம் சொன்னேன், சார் அவனிடம் சொன்னார்.

மகளிர் காவல் நிலையம்

இரண்டு வாரத்தில் அவளை ஊருக்குக் கூட்டிவந்தார்கள். இங்கேயும் புகார் கொடுக்கப் போனபோது, "அந்த நாட்டுல நடந்ததுக்கு இங்க எப்படிம்மா கேஸ் போடறது?" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் ஒரு வக்கீலம்மாவோடு போனார்கள். தப்பு செய்தவன் இந்தியன் என்றால், எந்த நாட்டில் செய்திருந்தாலும் இங்கே வழக்குப் போடலாம் என்று அந்த அம்மா சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். அதன் பிறகே இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

முந்தின நாள் சார் என்னை அறைக்குள் அழைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"அந்தப் புள்ள உனக்கு வாய்ஸ் அனுப்பிச்சு, முன்னாடியே ஆபீஸுக்குச் சொல்லீட்டேன்னு எழுதிக் குடுத்திருக்குது. நீ கேட்டியா?"

"லிஸ்ட் கேட்டனுங்க. வேறொண்ணும் கேக்கலீங்க."

"அதையே சொல்லு. நான் பொய்யா சொல்லச் சொல்றேன்? நெசத்தத்தான் சொல்லச் சொல்றேன். ஆபீஸுக்குத் தெரியாது. முடிஞ்சுது."

உண்மைதான். நான் கேட்கவில்லை. என் வாயில் இருந்த உண்மை அவருக்குத்தான் உதவும் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்தேன்.

ஸ்டேஷனில் அவள் என்னைப் பார்த்து, "வாங்ணா" என்றாள். மெலிந்திருந்தாள். இன்ஸ்பெக்டரம்மா அவளுடைய போனை மேஜைமேல் வைத்து, "இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். என் போனில் அழித்தாலும் அவள் போனில் குரல் இருந்தது. நான் கேட்டதற்கு அடையாளமாக நீல நிறமும் விழுந்திருந்தது.

பருப்புப்பொடி. முறுக்கு. தைலம். ஒரு பூட்டுங்ணா, பெருசா.

அப்புறம் அந்த மௌனம். ஒன்பது வினாடி என்று வக்கீலம்மா பிறகு சொன்னார். அதற்கு அப்பால் அவள் குரல் வந்தது.

"உள்பக்கம் மாட்டற மாதிரி கொண்டியும் சேத்து வேணுங்ணா. அந்த கோ-ஆர்டினேட்டர்கிட்ட எங்க ரூமுக்கு இன்னொரு சாவி இருக்குது. நாங்க துணி மாத்தறப்பக் கூட தொறந்துட்டு வந்து நிக்கறாரு. கேட்டா சிரிக்கறாரு. ஆபீஸுல யாருகிட்டயாச்சும் சொல்லுங்ணா. அம்மாகிட்டச் சொல்லீராதீங்க, பயந்துக்கும்."

உள்பக்கம் கொண்டி இல்லாமல், நான் அனுப்பிய பூட்டை வெளிப்பக்கம் மட்டும்தான் பூட்ட முடியும்.

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பார்சல்ல பூட்டு மட்டும் வந்துச்சு. சரி, ஆபீஸு சொல்ற பதிலு இதுதான்னு நெனச்சுட்டனுங்ணா. அதுக்கப்பறம் யாருகிட்டயும் நான் சொல்லல."

இன்ஸ்பெக்டரம்மா என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா, கேக்கலையா?"

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன். "நாலு சாமான் கேட்டனுங்க. மீதியக் கேக்கலீங்க. ஆனா எங்கிட்டச் சொன்னா ஆபீஸுல சொன்ன மாதிரின்னு சார்தானுங்க எல்லாத்துக்கும் சொன்னாரு. ஆபீஸுக்குக் காது நாந்தானுங்க. அந்தப் புள்ள ஆபீஸுக்குச் சொல்லீருச்சு. காது கேக்கல. அப்படியே எழுதுங்க." பிறகு ஸ்பீக்கரில் சார் பேசியதையும், ஜூஸ் வரையில், ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்றைக்கு

வழக்குப் பதிவாகியிருக்கிறது. அவன் அந்த நாட்டைவிட்டு வேறெங்கோ போய்விட்டான், இன்னும் பிடிபடவில்லை. சார் வேறு பெயரில் வேறு தெருவில் அலுவலகம் போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை இங்கேயே வேறு படிப்பை முதலிலிருந்து தொடங்கிப் படிக்கிறாள். நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியதை மேலேயே சொல்லிவிட்டேன். முதலில் ஆஸ்பத்திரி, தூதரகம், அவள் நம்புகிற ஆள். முதலாளி அந்த வரிசையிலேயே இல்லை. குளித்திருந்தாலும், நாள் கடந்திருந்தாலும் புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டை எவன் கையிலும் கொடுக்க விடாதீர்கள். பூட்டு கேட்டால் எதற்கென்று கேளுங்கள்.

அன்று ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும் என் போன் ஒலித்தது. அவள் அந்தக் குரலை மறுபடியும் எனக்கே அனுப்பியிருந்தாள். கூட ஒரு வார்த்தையும் இல்லை. கோபத்தில் அனுப்பினாளா, வேறெதற்காவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியமும் வரவில்லை.

என் போன் அதே சின்ன போன்தான். இடம் இல்லை, எதையாவது அழி என்று அடிக்கடி காட்டும். வேறு எதையாவது அழிக்கிறேன்.