கிளச்சை மிதித்த கால்

என் ஆபீஸ் மேசை மேல் ஒரு கியர் குமிழ் இருக்கிறது. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக், உள்ளே ஒரு சிவப்பு ரோஜா. லாரியின் கியர் ராடு தலையில் மாட்டுவது. பார்க்க வருகிறவர்கள் பேப்பர் வெயிட் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

அது டிரைவர் அண்ணனுடையது. நாமக்கல்காரர். எங்கள் கம்பெனி லாரியை டெல்லிக்கும் சேலத்துக்கும் ஓட்டினார். நான் டெல்லி ஆபீஸ் மேனேஜர். அவருக்குப் புது வண்டி வாங்க வேண்டி வந்தபோது முதலாளி முடிவை என்னிடம் விட்டுவிட்டார். கிளச்சே இல்லாத ஆட்டோமேட்டிக்கா, விலை குறைந்த கியர் வண்டியா என்பதுதான் கேள்வி. அந்தச் சமயத்தில் அண்ணனின் மனைவி ஊரிலிருந்து போன் செய்தார். "இவருக்கு இடது முட்டி ரொம்ப மோசமாயிருச்சுங்க சார். கிளச்சு இல்லாத வண்டியாப் பாத்து வாங்கிக் குடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க." சரிங்க என்றேன். முட்டி விஷயம் எனக்கும் தெரியும். வண்டியிலிருந்து இறங்கியதும் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார், கேட்டால் மரத்துப்போச்சு என்பார்.

பேசாமல் ஆட்டோமேட்டிக்கையே வாங்கியிருக்கலாம். கேட்டே ஆக வேண்டுமென்றால் தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நானோ டீக்கடையில், இளவட்ட டிரைவர்கள் சுற்றி நின்றபோது கேட்டேன். வயசானவங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் நல்லது என்று ஒருவன் சிரித்தான். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கியர் வண்டியே போடுங்க சார். எனக்கென்ன, காலு வெளங்காமயா போச்சு?" இந்தப் பதில்தான் வரும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? செலவைக் குறைத்தேன் என்று முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன்.

வண்டி வந்த அன்றே இந்தக் குமிழை ஆசையாக வாங்கி மாட்டினார். டெல்லி எல்லையில் லாரிகள் ஊர்ந்து நகரும் வரிசையில் கிளச்சை மிதித்து மிதித்தே அந்த இடது முட்டி அடியோடு போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு லாரியே ஓட்டக் கூடாது என்றுவிட்டார்கள். விடைபெற வந்தவர் குமிழைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் மனைவி பேசினார். "நீங்க ஆட்டோமேட்டிக்தான்னு எவ்வளவோ சொன்னீங்களாமே சார். இவருதான் பிடிவாதமா வேண்டாம்னுட்டாராம்." அண்ணன் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை.

இப்போது என் கார் ஆட்டோமேட்டிக். ஆபீஸிலிருந்து என் வீடு இருக்கும் துவாரகாவுக்குப் போகும் டெல்லி நெரிசலில் என் இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த அம்மா மறக்காமல் போன் செய்து, அன்றைக்கு அவ்வளவு தூரம் எடுத்துச் சொன்னதற்கு நன்றி சொல்கிறார். நான் குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு, பரவாயில்லைங்க என்கிறேன்.