கட்டிலருகே பேசிய பேச்சு

எங்கள் மகள் வர்ஷாவுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். நான் மறுபடி கர்ப்பமானதும், கருவுக்கும் அந்த நோய் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர்.

அந்த வாரம் வர்ஷாவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது, கட்டிலருகிலேயே நானும் கணவரும் அதைப் பற்றிப் பேசினோம். அவள் ஹெட்போனில் கார்ட்டூன் பார்த்ததால் காதில் விழாது என்று நினைத்தோம்.

"டெஸ்ட்டெல்லாம் நக்கோ, வேணாம். எதுவானாலும் பெத்துக்கலாம்" என்றார் அவர்.

"இன்னொண்ணும் இப்படிப் பொறந்தா என்னால தாங்க முடியாதுங்க. நோய் இருந்தா கலைச்சிடலாம்" என்றேன்.

வர்ஷா ஹெட்போனைக் கழற்றினாள். நாங்கள் தமிழில் எது கேட்டாலும் இந்தியிலேயே பதில் சொல்பவள், அன்று தமிழில் கேட்டாள்.

"எனக்கு டெஸ்ட் பண்ணியிருந்தா என்னையும் வேணாம்னு சொல்லியிருப்பியாம்மா?"

"இல்லடா கண்ணா" என்று அணைத்துக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு சோதனை செய்தோம். கருவுக்கு நோய் இல்லை. சைனிக்புரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் வர்ஷாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

"அப்போ பாப்பாவை வெச்சுக்குவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ரத்தம் ஏற்றுமிடத்தில் மற்ற அம்மாக்கள் இந்தச் சோதனை பற்றி விசாரித்தால், அவசியம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஆனால் முதலில் அவர்களை வராந்தாவுக்கு அழைத்துப் போய்விடுகிறேன்.