மடிப்பு, பேஸ்டிங், நெக்ஸ்ட் பீஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடம். ஆம்பூரில் ஒரு பள்ளி மைதானத்தின் வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. கதவு திறந்ததும் நான் எண்ணத் தொடங்கினேன். நீல ஓவர்கோட்டோடு இறங்கிய பெண்கள் நாற்பத்து மூன்று பேர். சந்தேகம் தீராமல், அவர்கள் உள்ளே நடந்து போகும்போது பின்னாலிருந்து மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்றுதான். அவர்களுக்குப் பின்னால் இறங்கி வந்தவர் எங்கள் யோகா டீச்சர்.

ஷூ கம்பெனியில் வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். எண்ணுவது வேலையாக இருந்து, பழக்கமாகி, இப்போது வியாதியாகிவிட்டது என்பாள் என் மனைவி. அந்த நாட்களில் டீச்சர் அதே கம்பெனியின் தையல் பிரிவில் இருந்தார். அவர் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை அவர் ஒரு டோக்கன் எண். மாதம் தவறாமல் இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளும் இடுப்பு வலியால் எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்கள் என்பது, நான் ஓய்வு பெற்று, முழங்கால் கெட்டு, அவருடைய மாலை வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வலிக்காக ஆஸ்பத்திரியில் கற்ற ஆசனங்களை அவர் பிறகு முறையாகப் படித்துத் தேர்வு எழுதி, தையல் வேலையை விட்டு ஆசிரியரானார். மதியம் கம்பெனிக்கே போய், சாப்பாட்டு இடைவேளையில் மிஞ்சும் பன்னிரண்டு நிமிடத்தில் தையல் பிரிவுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் வடமொழிப் பெயர்களுக்கு இடமில்லை. அவர்களுக்குக் கை பழகிய வேலையையே பெயராக வைத்தார். கால் அச்சின் மேல் ‘அப்பர்’ என்ற ஷூவின் மேல்தோலை இழுத்துப் போர்த்துவது போல உடம்பை மேலே இழுத்தால் ‘அப்பர் இழு’. தோலின் ஓரத்தை மடிப்பது போல முன்னால் குனிந்தால் ‘மடிப்பு’. பசை தடவி ஒட்டியது போலத் தரையோடு படுத்தால் ‘பேஸ்டிங்’. ஒரு சுற்று முடிந்து நிமிர்ந்து நின்றால் ‘நெக்ஸ்ட் பீஸ்’. முதல் நாள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் வாரத்தில் என் முழங்கால் அதைத்தான் கேட்டு நடந்தது.

ஊரின் யோகா வகுப்புகளையெல்லாம் ஒரு ஞாயிறு காலை ஒரே இடத்தில் கூட்ட வேண்டும் என்று முதலில் சொன்னவர் ஆம்பூர் மாஸ்டர். கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூரிலிருந்து ஒரு நர்ஸம்மாவும் தன் வகுப்போடு சேர்ந்துகொண்டார். எங்கள் டீச்சரை ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்ப்பதா என்பதில்தான் மாஸ்டருக்குத் தயக்கம். விரிப்புகளைக் கணக்குப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்ததால், அந்தப் பேச்சை நான் நேரில் கேட்டேன்.

“கம்பெனி கிளாஸ் வேணும்னா ஓரமா நின்னு பாக்கட்டும்மா.”

“பாக்க வர்ல சார். செஞ்சு காட்ட வர்றோம்.”

மாஸ்டர் யோசித்தார். “சரி, முதல் இருபது நிமிஷம் உங்களுக்கு. நல்லா வந்துச்சுன்னா நீங்களும் எங்க கூட ஒரு டீச்சர். ஆனா ஒண்ணு, மைக்ல கம்பெனி பாஷை வேணாம். ஆசனத்தோட பேரு சொல்லி நடத்துங்க.”

டீச்சர் தலையாட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை மதியம் கம்பெனியில் அறிவிப்பு ஒட்டினார்கள்: ஷிப்மென்ட் இருக்கிறது, ஞாயிறு ஏழரைக்கு ஓவர்டைம். பஸ்ஸை முன்னாலேயே எடுக்கலாம், கம்பெனி கேட்டுக்கு நேரத்துக்கு வந்தால் போதும் என்று டீச்சர் டிரைவரிடமும் ஆபீஸிலும் அனுமதி வாங்கினார். நான் கணக்குப் போட்டேன். மாதனூர் பக்கம் ஏழு ஸ்டாப், ஒவ்வொன்றிலும் நான்கு நிமிடம், இருபத்தெட்டு நிமிடம் அதிலேயே போய்விடும். நடக்காது என்று சொன்னேன். டீச்சரின் போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு தையல் பிரிவுப் பெண் அதைக் கேட்டுவிட்டாள்.

“இன்னா சார் நீங்க, சும்மா பேஜார் பண்ணிக்கிட்டு. ஏழு ஸ்டாப்பு எதுக்கு? நாங்க எல்லாரும் நடந்து வந்து கூட்ரோட்லயே நிக்கிறோம். ஒரே ஸ்டாப்பு.”

அப்படித்தான் ஆறு இருபதுக்கு அந்தக் கதவு திறந்தது. மைதானத்தில் ஏற்கெனவே நூற்றுத் தொண்ணூறு பேர் விரிப்போடு நின்றிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். அவர்களுக்கு முன்வரிசையில் நீல ஓவர்கோட்டுகள். டீச்சர் மைக்கைப் பிடித்தார். மாஸ்டருக்குக் கொடுத்த வாக்குப்படி, கையை உயர்த்தும் ஆசனத்தை “ஹஸ்த உத்தானாசனம்” என்றே சொன்னார்.

நீல வரிசை தடுமாறியது. அந்தப் பெயரை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. பத்துப் பேர் கையைத் தூக்கினார்கள், ஆறு பேர் குனிந்தார்கள், மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். “பாதஹஸ்தாசனம்” என்று குனியச் சொன்னபோது இன்னும் மோசம். பின்னால் வெள்ளைச் சட்டைகளில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன், நான்கு நிமிடம் வீணாகியிருந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல், “அக்கா, நம்ம மாதிரி சொல்லுக்கா.”

டீச்சர் மாஸ்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கைக் கீழே வைத்தார். மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை அது.

“அப்பர் இழு.”

எண்பத்தாறு கைகள் ஒன்றாக மேலே போயின. “மடிப்பு.” நாற்பத்து மூன்று முதுகுகள் ஒன்றாக வளைந்தன. “பேஸ்டிங்.” வரிசை தரையோடு ஒட்டிக்கொண்டது. “நெக்ஸ்ட் பீஸ்.” எழுந்து நின்றார்கள். மூன்றாம் சுற்றில் வெள்ளைச் சட்டைகளும் சேர்ந்துகொண்டார்கள். எட்டாம் சுற்றில் அவர்களில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். நீல வரிசை பன்னிரண்டு சுற்றும் முடித்து, மூச்சு வாங்காமல் நின்றது. நர்ஸம்மாதான் முதலில் கை தட்டினார். பஸ் ஹாரன் அடித்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஏழு பதினெட்டுக்குக் கேட்டுக்குள் போய்விட்டதாக டிரைவர் எனக்குப் போன் செய்தார்.

அதற்குள் மைதானத்தில் மாஸ்டரின் முறை வந்திருந்தது. அவர் மைக்கை எடுத்து, “பாதஹஸ்தாசனம்” என்றார். நூற்றுத் தொண்ணூறு பேரும் அந்தப் பெயரை நன்றாக அறிந்தவர்கள். ஒருவரும் குனியாமல் எங்கள் டீச்சர் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் மைக்கைத் தாழ்த்தினார். பிறகு ஓரத்தில் நின்ற எங்கள் டீச்சரைப் பார்த்து, “நீங்களே சொல்லிடுங்க டீச்சர்,” என்றார். மாஸ்டர் அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

“மடிப்பு,” என்றார் டீச்சர்.

மாஸ்டரும் நானும் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்று இரண்டு பேர் குனிந்தோம்.