மதகைத் தொட்ட தண்ணீர்

“…சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னது ஆரெண்டுதான் சாவடியில ஆமிக்காரங்க திரும்பத் திரும்பக் கேக்கிறாங்களாம், தம்பி. என்ட புள்ள வாய் திறக்கிறாளில்லயாம். நானேதான் செஞ்சன், வேற ஆருக்கும் ஒண்டும் தெரியாது எண்டு நிக்கிறாளாம்.”

பூமணி அக்கா மழையில் நனைந்தபடி என் கடை வாசலில் நின்று இதைச் சொன்னபோது காலை ஒன்பது மணி இருக்கும். 2006ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னவன் நான்தான்.

“உங்கட கடையிலதானே பிரிண்ட் அடிச்சவள். ஆர் சொன்னதெண்டு உங்களுக்கு…”

“தெரியாது அக்கா,” என்றேன்.

அம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, மற்றவர்கள் நோய் தீர்ந்த கதை சொல்வார்கள். என் கதை இந்தப் பொய்யில் இருந்துதான் தொடங்குகிறது. அதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் அம்மன் என்னைப் பார்த்துச் சிரிப்பா.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்று, பழுதான ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டி, பிறகு கம்ப்யூட்டரையும் அப்படியே பிரித்துப் பூட்டிப் பழகியவன். களுவாஞ்சிக்குடியில் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தேன். இரண்டு போன், ஒரு பக்ஸ், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர், கலர் பிரிண்டர் ஒன்று. அந்தப் பிரிண்டர் என் பெருமை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் விண்ணப்பம் அடிக்க, ஈமெயில் பார்க்க என்னிடம்தான் வருவார்கள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு அப்போது எங்கள் பக்கத்தில் என்ன வேலை இருந்தது? என்னைப் போல கடை வைக்கலாம். இல்லாவிட்டால் கொழும்பு, அதையும் தாண்டினால் வெளிநாடு. “படிப்பு இஞ்ச முளைக்கும், காய்க்கிறது வேற ஊரில” என்று பூமணி அக்காவே ஒரு நாள் சொன்னார்.

அவருடைய மகள் சுகந்தி கணினி விஞ்ஞானம் கடைசி வருடம். தகப்பன் இல்லாத பிள்ளை. அக்கா இடியப்பம் அவித்து விற்றுத்தான் படிப்பித்தார். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனி, பயிற்சிக்கு ஆள் எடுக்கிறோம், நேர்முகத்துக்கு வரும்போது நீங்கள் செய்த ப்ராஜெக்டைக் கொண்டுவாருங்கள் என்று கடிதம் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை நேர்முகம். பயிற்சியில் நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை, அதன்பிறகு மேற்படிப்புக்கும் வழி உண்டு என்று அவளுக்குப் படிப்பித்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அவள் செய்த ப்ராஜெக்டை நான் பிரிண்ட் எடுக்கும்போதே பார்த்து வாய் பிளந்தேன். மழை கூடினால் நம்முடைய வாவி நிரம்பி வயலுக்குள் ஏறும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் இறங்கும். முகத்துவாரத்தை முந்தி வெட்டினால் மீன்பிடிகாரருக்குக் கோபம், பிந்தி வெட்டினால் வயற்காரருக்குக் கண்ணீர். ஒவ்வொரு வருடமும் இதே சண்டை. சுகந்தியின் ப்ரோகிராமில், பெய்த மழையையும் வாவித் தண்ணீரின் உயரத்தையும் கொடுத்தால், எந்த வயல்வட்டை எப்போது மூழ்கும், எந்த வீதிக்கு மேலே எத்தனை விரல் தண்ணீர் வரும் என்று அது சொல்லும். அதற்கு ஒரு வரைபடமும் உண்டு. தண்ணீர் அளக்கும் இடங்களைச் சின்னக் கறுப்புப் புள்ளியாக வைத்திருந்தாள். கீழே மூலையில் புள்ளி என்றால் என்ன என்று ஒரு விளக்கக் கட்டம்.

“கறுப்பில எடுபடாது புள்ள, சிவப்பாக்கு. அந்தக் கட்டத்தையும் தூக்கு, படம் பக்கம் முழுக்க வரட்டும். பாக்கிறவன் பயந்து போகோணும்,” என்றேன்.

பார்த்தவன் பயந்துதான் போனான்.

வாவித் தண்ணீரை எங்கே அளப்பார்கள்? பாலத்தடியில், மதகடியில். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாலத்தடியிலும் மதகடியிலும் என்ன இருந்தது? இராணுவத்தின் காவலரண். எனக்கோ அந்தப் பிள்ளைக்கோ அது புத்தியில் படவே இல்லை. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற சோதனைச் சாவடி கண்ணுக்குப் பழகிவிட்டது. சுகந்தி ப்ராஜெக்ட் புத்தகத்தில் கையெழுத்து வாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அந்தக் காலையில், சாவடியில் பையைத் திறந்த சிப்பாய் கண்டதெல்லாம் இதுதான்: வாவிக் கரை நெடுக அவர்களுடைய காவலரண் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. விளக்கம் ஒரு சொல்லும் இல்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். மடியில் ஒன்றுமே இல்லாதவனுக்கும் வழியில் பயம் இருந்த காலம் அது. சாக்கால் முகத்தை மூடி ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் இரண்டு தரம் நடந்தவன் நான். சாக்குக்குள் இருக்கும் அந்தக் கண்கள் என்னைப் பார்த்துவிட்டு நகரும் வரை மூச்சு விடாமல் நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் அக்காவிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சாவடிப் பக்கமாகத் திரும்பிப் போனார்.

நான் ஷட்டரை இழுத்து மூடினேன். காத்தான்குடியில் இருந்து துணி கொண்டுவரும், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் சொல்லுவார்: “பயம் வந்தா வாசல்ல நிப்பாட்டிப் பேசு. கதிரை குடுத்தியோ, மறுகா எழும்பமாட்டான்.” நான் கதிரை மட்டுமில்லை, பாயும் விரித்துக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த வரைபடத்தை அழித்தேன். எங்கே போய் ஒளிக்கலாம் என்று யோசித்தேன். மனைவி வந்து கேட்டாள், “ஏன் பகல்ல பூட்டுறீங்க?” நான் சைக்கிளை எடுத்தேன்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசியில் கதவு திறந்தால் ஒரு கிழமை திறந்திருக்கும். அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடி முடிந்தால் சாத்திவிடுவார்கள். மற்ற நாளில் பூசை செய்யும் கட்டாடியாரைத் தவிர யாரும் அந்தக் கதவைத் தொடுவதில்லை. கார்த்திகை மழையில் அங்கே ஒரு காகமும் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால், சேற்றில், முழந்தாளில் நின்றேன். தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை.

“அம்மா, நான் பொய் சொல்லிப்போட்டன். அந்தப் புள்ள எனக்காக வாயப் பொத்திக்கொண்டு நிக்கிறாள். எனக்குப் போகப் பயமா இரிக்கு. போகாம இருக்கவும் பயமா இரிக்கு. நீங்க கதவு திறக்க வேணாம். எனக்கு ரெண்டு கால் தாங்க.”

இவ்வளவுதான் என் பிரார்த்தனை. பதில் வரவில்லை. மணி கேட்கவில்லை, பல்லிகூடச் சொல்லவில்லை. எழும்பிக் கடைக்குத்தான் போக நினைத்தேன். சந்தியில் சைக்கிள் வடக்கே, சாவடிப் பக்கமாகத் திரும்பியது. நான் திருப்பியதாக எனக்கு நினைவில்லை.

சாவடி வாசலில் அக்கா மழையில் நின்றார். “அக்கா, நான்தான்…” என்று தொடங்கினேன்.

“அப்பவே விளங்கின. கேள்வி முடியமுன்னமே தெரியாதெண்டீங்களே. போங்க உள்ளுக்கு. அழுறதெண்டா வெளிய வந்து அழுங்க.”

உள்ளே ஒரு மேசை, ஒரு அதிகாரி. சுகந்தி சுவரோடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது, அழவில்லை. என்னைக் கண்டதும் “ஏன் வந்தீங்க மாமா?” என்று ஏசுகிற மாதிரிக் கேட்டாள்.

“சிவப்பு நான் சொன்னது சேர். விளக்கத்த வெட்டச் சொன்னதும் நான். இந்தப் புள்ளி எல்லாம் தண்ணி அளக்கிற இடம்,” என்றேன்.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். புத்தகத்தைத் தட்டினார். “எழுத்து யாரும் எழுதலாம். தண்ணி அளக்க என்னட சென்ட்ரி ஏன் வேணும்?”

சுகந்திதான் பேசினாள்.

“சேர், மூண்டு நாள் மழை. முகத்துவாரம் இன்னும் வெட்டல்ல. நேத்து இந்த மதகுக் கம்பத்தில இருந்த அளவை நான் எழுதி வைச்சிரிக்கன். என்ட கணக்குச் சரியெண்டா இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குள்ள உங்கட காவலரணுக்கு முன்னால ரோட்டுக்கு மேல நாலு விரல் தண்ணி நிக்கும்.”

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி. நாலு மணி. தண்ணி வந்தா வீட்டுக்குப் போறது. வராட்டி ரெண்டு பேரும் மேல அனுப்புறது.”

மேலே அனுப்பப்பட்டவர்களின் தாய்மாரை நீங்களும் கண்டிருப்பீர்கள், வாசல் வாசலாகப் பிள்ளையின் படத்தைத் தூக்கிக்கொண்டு.

மதகடியில், மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் எங்களை இருத்தினார்கள். தண்ணீர் ரோட்டுக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. மழை கொட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக வெள்ளம் வேண்டும் என்று கும்பிட்டேன். அப்படிக் கும்பிடும்போதே நெஞ்சு சுட்டது. அந்த வெள்ளம் யாருடைய நாற்றை அழிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு மழை நின்றது.

நின்றது மட்டுமில்லை, வெயிலும் எறித்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன் வானத்தைக் காட்டி மற்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். மனைவிக்கு யார் போய்ச் சொல்வது என்று நினைத்தேன். “அம்மா, காலத் தந்து கொண்டுவந்து இஞ்சயா விட்டீங்க?” என்று உள்ளுக்குள் கத்தினேன்.

“மழையப் பாக்காதீங்க மாமா,” என்றாள் சுகந்தி. “மேற்கில பெய்ஞ்ச தண்ணி இப்பதான் வயலுக்கால நடந்து வருது. இஞ்ச மழை நிண்டாலும் அது நிக்காது.”

“உனக்குப் பயமில்லயா புள்ள?”

“பயம்தான். நேத்து அளவெடுக்கக்குள்ள கம்பம் கொஞ்சம் சரிஞ்சு நிண்ட. அதான் பயம்.”

ஒரு மணி. இரண்டு மணி. தண்ணீர் அசையாத மாதிரிக் கிடந்தது. நான் அம்மனின் பெயரை எண்ணாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டரை போல, மதகுக்குக் கீழே தேங்கி மிதந்த ஆற்றுவாழைச் செடிக் கூட்டம் ஒன்று மெல்லத் திரும்பி நகர ஆரம்பித்தது. பிறகு ரோட்டோரப் புல் நனைந்தது. மூன்று மணிக்கு, வெயில் எறிக்க எறிக்க, சத்தமே இல்லாமல், தார் ரோட்டின் மேலே தண்ணீர் ஒரு நாக்கை நீட்டியது. பாம்பு வந்தாலும் நான் அப்படிப் பார்த்திருக்க மாட்டேன்.

சிப்பாய்கள் ஓடி வந்து பெட்டிகளை மேலே தூக்கினார்கள். நாலு மணிக்கு அதிகாரி சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கினார். குனிந்து கையை நிறுத்திப் பார்த்தார். ஐந்து விரல்.

“ஒரு விரல் பிழை,” என்று சுகந்தி வாய்க்குள் சொன்னாள். எனக்கு அவளுடைய வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

அதிகாரி கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். “எங்கட ஊர்லயும் வயல் இருக்கு,” என்றார். பிறகு வரைபடப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “இது எனக்கு. அடுத்த மழைக்கு வேணும்.” புத்தகத்தை அவளிடம் கொடுத்தார். வாசலைக் காட்டினார்.

வெளியே வந்த பிறகுதான் நான் அழுதேன், அக்கா சொன்னபடி.

பிள்ளைகளே, கணக்கு அவளுடையது. அதை நான் மறுக்கவில்லை. அவள் விழித்திருந்து படித்த படிப்பு அது. ஆனால் என்னை அங்கே கொண்டுபோன கால் என்னுடையதில்லை. ஒரு விரல் கூட்டி வந்த தண்ணீரும் அவளுடைய கணக்கில் இல்லாதது. அதே சாவடிகளில் நின்ற எல்லாத் தாய்மாருக்கும் பிள்ளை திரும்பி வரவில்லை. ஏன் எங்களுக்கு, ஏன் அவர்களுக்கு இல்லை என்று அம்மனிடம் பல தரம் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிழிந்த பக்கத்தோடேயே அவள் நேர்முகத்துக்குப் போனாள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பக்கம் எங்கே என்பதுதானாம். நடந்ததைச் சொன்னாளாம். பயிற்சி கிடைத்தது, வேலையும் கிடைத்தது. இப்போது வெளிநாட்டில் வெள்ளக் கணிப்பில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள்.

நானும் மாறினேன். என் கடைச் சுவரில் பட விளம்பரங்களைக் கழற்றிவிட்டு, பயிற்சி, புலமைப்பரிசில், வேலை என்று கிடைக்கிற அறிவித்தல் எல்லாவற்றையும் ஒட்டத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமையில் எந்தப் பிள்ளையின் விண்ணப்பத்துக்கும் நான் காசு வாங்குவதில்லை. அது அம்மனுக்கு என் நேர்த்திக்கடன்.

பயந்து நிற்பவர்களே, வைகாசி வரட்டும், கதவு திறக்கட்டும் என்று காத்திராதீர்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்று, நீங்கள் செய்த பிழையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவவுக்கு மரக்கதவு ஒரு மறைப்பில்லை.

இன்னும் ஒன்று. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் பூமணி அக்கா, “கொழும்பும் வேணாம், வேலையும் வேணாம், இடியப்பம் அவிச்சுத் தின்னுவம்” என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். புதன்கிழமையும் அதே பேச்சு. வியாழக்கிழமை விடிய பஸ் நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். சுகந்தி தனியே நின்றாள். “அம்மா கோவம் மாமா, எழும்பினதில இருந்து பேசுறாவில்ல,” என்றாள். கண்டக்டர் சத்தம் போட்டான். அப்போதுதான் அக்கா வந்தார். மட்டக்களப்பு நகரத்துக்கு அப்பால் ஒரு நாளும் போகாத மனிசி, ஒரு சொல் சிங்களம் தெரியாது. எங்கள் இருவரையும் பார்க்கவுமில்லை, பேசவுமில்லை. அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, இரண்டு பேருக்கு இடம் பிடித்தார்.