பதினாறு பேர் இறங்காத ஜீப்

கூடலூர் மொக்கம்மாள் இருபத்தாறு ஆண்டுகளாக மலையேறி ஏலக்காய் பறிப்பவர். காலை ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறினால் குமுளிச் சோதனைச் சாவடியைக் கடந்து எட்டு மணிக்குள் தோட்டத்தில் நிற்க வேண்டும். அட்டை கடிக்காமலிருக்கக் கால்களில் மூக்குப்பொடி குழைத்த எண்ணெய், மழைக்கு உரச்சாக்கு, மதியத்துக்குத் தூக்குவாளிச் சோறு. மணமான மூன்றாம் ஆண்டிலேயே கணவரை இழந்தவர், தம்பி சுரேஷ்கண்ணனைத் தம் பிள்ளையைப் போல வளர்த்தார். அவன் ஓட்டுநர் உரிமம் பெற்றதும், அதுவரை சேர்த்த பணம் முழுவதையும் போட்டு ஒரு பழைய ஜீப் வாங்கினார். ஊரார் ஜீப்பில் நெருக்கியடித்துச் சென்றவருக்குச் சொந்த ஜீப்பில் முன்னிருக்கை கிடைத்தது.

வாங்கிய அன்றே ஒரு பிழை செய்தார்.

“ஒம் பேர்ல வேணாம்க்கா. சாவடியில ஆர்.சி. புத்தகத்தைப் பாத்ததும் ஓனரம்மாவைக் கூப்பிடும்பாக. நீ காட்டுல காய் எடுத்துக்கிட்டு இருப்ப. நான் வண்டியோட அங்கனயே நிக்கவா?” என்றான் தம்பி.

காலையில் மலையேற வரிசையில் நின்ற அத்தனை ஜீப்புகளும் ஆண்கள் பெயரிலேயே இருந்தன. அவற்றுள் பாதிக்கு மேல் பெண்களின் கூலியில் வாங்கியவை என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மொக்கம்மாளும் எண்ணவில்லை. பணம் அக்காளுடையது; கையெழுத்து தம்பியுடையது என்றாயிற்று.

பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டால் மாலை நான்கு மணி வரை ஜீப் ஓட்டுநர்களுக்கு வேலை இல்லை. மலையிலிருந்து இறங்கி ஊருக்கு வந்துவிடுவார்கள். அந்த வெற்றுப் பகலைக் கண்டுகொண்டவன் ஆதித்தன். அதற்கென்றே கம்பம் சாலையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, ‘மனமகிழ் மன்றம்’ என்று பலகை மாட்டினான். பலகையில் கேரம் போர்டு படம், உள்ளே சீட்டுக்கட்டு. அவன் ஆடுவதில்லை. வாசலருகே நாற்காலி போட்டு, மடியில் தோல்பையுடன் அமர்ந்திருப்பான். பணம் தீர்ந்து எவனாவது எழுந்தால், “என்ன மாப்ள, கை வர்ற நேரத்துல எந்திரிக்கிற?” என்று தோளைத் தொட்டு உட்கார வைப்பான்.

பத்தாயிரம் கேட்டால் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு வரும். ஆயிரத்து ஐந்நூறு முதல் வார வட்டி. ஒவ்வொரு மேசையிலும் அவனிடம் சம்பளம் வாங்கும் இருவர் ஆடினார்கள். ஆகவே, கொடுத்த பணம் பொழுது சாயுமுன் அதே தோல்பைக்குத் திரும்பிவிடும். கடன் மட்டும் வாங்கியவனோடு வீட்டுக்குப் போகும். இதைத் தொழில் என்று அவன் சொல்லிக்கொண்டான். வழிப்பறி செய்பவன்கூடத் தன் செயலுக்குப் பலகை மாட்டுவதில்லை.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. பதினாறு பெண்களும் ஏறி அமர்ந்து, ஜீப் புறப்படும் நேரம். ஆதித்தன் மோட்டார் சைக்கிளில் வந்து வண்டியை மறித்தான். அவனுடைய ஆள் வினோத்ராஜ் பின்னாலிருந்து குதித்து, கையை உள்ளே விட்டுச் சாவியை உருவினான்.

“எல்லாரும் இறங்குங்கம்மா. இந்த வண்டி கைமாறிருச்சு. வேற ஜீப்புல ஏறிக்கங்க.”

“யாரு கைக்கு?” என்றார் மொக்கம்மாள்.

“ஒந் தம்பியக் கேளு.”

சுரேஷ்கண்ணன் ஸ்டீயரிங்கிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. “சீட்டுல விட்டுட்டேன்க்கா. வாங்குனது எம்பதாயிரம். கட்டுனது லட்சத்துக்கு மேல. இன்னும் ரெண்டு லட்சம் நிக்குதுங்கிறாரு. புத்தகம் அவருகிட்டதான் இருக்கு. பேர் மாத்துற பாரத்துலயும் கையெழுத்து வாங்கிட்டாரு.”

பின்னிருக்கையிலிருந்து சங்கிலியம்மாள் எட்டிப் பார்த்தார். “ஏலே, எங்க வீட்டு ஆடே வருசத்துக்கு ரெண்டு குட்டிதான் போடுது. ஒன் எம்பதாயிரம் இந்தப் போடு போட்டிருக்கே, என்ன தீவனம்டா வைக்கிற?”

பெண்கள் சிரித்தார்கள். மொக்கம்மாள் சிரிக்கவில்லை. அவர் இன்னொரு ஜீப்பை ஓட்டிய கர்ணனை நினைத்துக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு இதே இடத்தில் ஆதித்தன் மறித்தபோது கர்ணன், நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூசி இறங்கி நின்றார். ஐந்து நிமிடத்தில் ஜீப் போயிற்று. அன்று மாலையே வேறு ஊரில் விலையாயிற்று. கர்ணன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் காவலாளி. இறங்கினால் வண்டி இல்லை என்பது மொக்கம்மாளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இருபத்தாறு ஆண்டு மழையும் அட்டைக்கடியும் அந்த நான்கு சக்கரங்களின் மேல் நின்றிருந்தன. அவற்றை ஒரு நாள்கூட மலையேறாத ஒருவன் சாவியை உருவிக் கொண்டுபோவதா?

“யாரும் இறங்காதீக,” என்றார்.

“ஆத்தா, மானம் மரியாதையா இறங்கிருங்க,” என்றான் ஆதித்தன்.

“மானத்துக்குப் பயந்து இறங்குனவுகளைப் பாத்துத்தான உட்காந்திருக்கோம்.”

வினோத்ராஜ் சுரேஷ்கண்ணனை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பிடித்து இழுத்தான். “ஆளோடவே ஓட்டிட்டுப் போறேண்ணே.”

“ஓட்டுய்யா, நல்லா ஓட்டு,” என்றார் சங்கிலியம்மாள். “நேரா போலீஸ் ஸ்டேசனுக்கு விடு. பதினாறு பொம்பளைகளைக் கடத்திட்டு வந்திருக்கேன், எறக்கி வச்சுக்கங்கன்னு சொல்லு.”

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

ஏழு மணியாயிற்று, எட்டாயிற்று. அன்றைய கூலி போயிற்று என்று தெரிந்தும் ஒருவரும் அசையவில்லை. பின்னால் ஜீப்புகள் நின்றன. அவற்றின் பின்னால் குமுளிக்குப் போகும் பேருந்துகளும் காய்கறி லாரிகளும் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி வந்து, ஆதித்தனைக் கண்டதும் தள்ளியே நின்றார்கள். வண்டியைப் பறித்ததற்கு வராத காவல்துறை, போக்குவரத்து நின்றதும் வந்தது. சார்பு ஆய்வாளர் விவரம் கேட்டார்.

“நான் வட்டிக்கு விடுறவனே இல்ல சார். இந்த ஜீப்பை விலைக்கு வாங்குனேன். இந்தா புத்தகம், இந்தா கையெழுத்து,” என்றான் ஆதித்தன்.

அந்தப் பொய்தான் மொக்கம்மாளை இருக்கையிலிருந்து எழுப்பியது. ஆனாலும் அவர் இறங்கவில்லை. படியில் நின்றுகொண்டே, கூடி நின்ற ஓட்டுநர்களைப் பார்த்துக் கேட்டார்:

“விலைக்கு வாங்குனாராம்! ஏப்பா, ஒங்க வண்டியையும் இவரு வாங்கிட்டாரா? புத்தகத்தை இவருகிட்டக் குடுத்தவன் ஒருத்தனாச்சும் பேசுங்க. பொம்பளைக நாங்க கூலியை விட்டுட்டு உட்காந்திருக்கோம். ஒங்களுக்கு வாயைத் திறக்கவும் வட்டி கேக்குறாரா?”

ஜஸ்டின் என்ற ஓட்டுநர் முன்னே வந்தார். “எம் புத்தகமும் அந்தப் பையிலதான் சார் இருக்கு. நான் வண்டியை விக்கல.” அடுத்து இன்னொருவர். மொத்தம் ஏழு பேர்.

“ஏழு ஜீப் வாங்குனவரு மோட்டார் சைக்கிள்ல வந்திருக்காரு, பாவம்,” என்றார் சங்கிலியம்மாள்.

தோல்பை திறக்கப்பட்டது. எட்டாவதாக மொக்கம்மாளுடைய ஜீப்பின் புத்தகமும், தேதியிடாத பெயர்மாற்றப் படிவங்களும் ஜீப்பின் பானெட் மீது அடுக்கப்பட்டன. சாவி கைக்கு வந்த பிறகே பதினாறு பேரும் இறங்கினார்கள், புகாரில் கையொப்பமிடுவதற்காக.

கைதான ஆதித்தன் இருபதாம் நாள் பிணையில் வந்துவிட்டான். மன்றம் வேறொரு தெருவில், வேறொரு பெயர்ப்பலகையுடன் நடக்கிறது. அங்கும் காலை பத்து மணிக்கு நாற்காலி போடப்படுகிறது. சட்டம் இருக்கிறது, பலகையும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில் எப்படி இருக்கின்றன என்று கேட்பார் இல்லை.

ஜீப் இப்போது மொக்கம்மாள் பெயரில் ஓடுகிறது. சாவடியில் இதுவரை ஒருவரும் ஓனரம்மாவைக் கூப்பிடவில்லை. ஓட்டுவது தம்பிதான். ஆனால் தோட்டத்து வாசலில் வண்டி நின்றதும் அக்காள் கையை நீட்டுவார். சாவி அவருடைய முந்தானை முடிச்சுக்குள் போய்விடும். மலையிறங்க வழியில்லாத சுரேஷ்கண்ணன், காலில் மூக்குப்பொடி எண்ணெய் தடவிக்கொண்டு, பெண்களோடு வரிசையில் குனிந்து மாலை நான்கு மணி வரை காய் பறிக்கிறான்.

“தம்பி, பிஞ்சை விட்டுட்டு வெளஞ்சதா எடு,” என்கிறார் சங்கிலியம்மாள். “சீட்டு மாதிரி இங்கன கலைச்சுப் போட முடியாது.”