மூன்று பீஸ் கட்டை

அன்று தோட்டத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி ருக்குமணி. அவள் தம்பி பொன்னுசாமி. ஆறு வயது மகள் கவிதா, அம்மை போட்டு வேப்பிலைமேல் படுத்திருந்தாள். வேறு யாரும் இல்லை. எங்கள் நாய் ஜிம்மி செத்து நாற்பது நாளாகியிருந்தது.

பேய், ஆவி எதையும் நான் நம்பியதில்லை. முனியப்பன் கோவிலுக்குக்கூடக் கிடாக்கறிக்காகப் போகிற ஆள். படிப்பு ஐந்தாவதோடு சரி. கதை கட்டத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

தொண்ணூறுகளில் தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இருந்தோம். கோயமுத்தூரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு இளநீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர்கள் வெளிநாடு போகும்போது வளர்த்த நாயை என்னிடம் விட்டார்கள். லேப்ரடார். வெளுத்த மஞ்சள் நிறம், கன்றுக்குட்டி மாதிரி உடம்பு. தேங்காய்த் திருட்டுக்குக் காவலாகும் என்று டெம்போவில் ஏற்றி வந்தேன். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டேன்.

அது குரைக்காது. யார் வந்தாலும் வாலாட்டும். வாயில் அகப்பட்டதைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் போடும். தேங்காய், செருப்பு, ஸ்பேனர், ஒரு முறை பக்கத்துத் தோட்டத்துக்காரர் காயப்போட்ட வேட்டி. எல்லாம் எச்சிலில் ஊறியிருக்கும், ஆனால் ஒரு பல் பட்டிருக்காது. கோழிக்குஞ்சைக்கூட உயிரோடு கொண்டுவந்து வைத்திருக்கிறது. ஒரு நாள் காய் திருட வந்தவனுக்கு ஒவ்வொரு தேங்காயாக எடுத்துவந்து காலடியில் போட்டுக்கொண்டு இருந்ததாம். பொன்னுசாமி பார்த்துத் துரத்தினான்.

"திருடனுக்குக் கையாள் வேலை பாக்கற நாயை இப்பத்தானுங்க மச்சான் பாக்கறேன்," என்றான்.

"உனக்கு அது தேவலைடா. தின்ன சோத்துக்கு எதையாச்சும் தூக்கிட்டு வருது," என்றாள் ருக்குமணி.

வாசலில் தக்கென்று சத்தம் கேட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "போதும், போடா அந்தப் பக்கம்" என்பாள். கவிதாவுக்கு மத்தியானத் தூக்கம் அதன் வயிற்றில் தலை வைத்துத்தான். கம்மஞ்சோறும் மோரும் ஊற்றினால் ஒரு சட்டி நொடியில் காலி. ஐந்து வருஷம் இருந்தது. வயிற்றில் கட்டி வந்து, படுத்த இடத்திலேயே போய்விட்டது. கிணற்று மேட்டில் புதைத்தோம். சோற்றுச் சட்டியை எடுக்கக் கவிதா விடவில்லை.

அன்று மத்தியானம். மோட்டார் இரண்டு நாளாக ஓடவில்லை, பொன்னுசாமி பழுது பார்க்கக் கிணற்றில் இறங்கியிருந்தான். எங்கள் மோட்டார் கிணற்றுக்குள்ளே ஒரு திட்டில் இருந்தது, போர்டு மேலே கொட்டகையில். தோட்டத்துக்கு நேரம் வைத்துத்தான் கரண்ட் விடுவார்கள். வந்ததும் தானாக ஓடட்டும் என்று ஆட்டோவில் போட்டு வைத்திருப்போம். அதனால் கிணற்றில் இறங்குமுன் போர்டில் இருக்கிற மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வது வழக்கம். ஃபியூஸ் கம்பி மாட்டிய பீங்கான் கட்டை, பிடுங்கிவிட்டால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. அது என் வேலை. அன்று பிள்ளைக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு அப்படியே படியில் இறங்கிவிட்டேன்.

"கட்டையைக் கழட்டிப்போட்டீங்களா மச்சான்?"

"ம்," என்றேன்.

கழற்றவில்லை என்று தெரியும். கரண்ட் இரண்டு மணிக்குத்தானே, மறுபடி அத்தனை படி ஏற வேண்டுமா என்ற சோம்பல்.

பொன்னுசாமி மோட்டார் மூடியைக் கழற்றி ஒயரைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தான். கால் தண்ணீரில். அப்போது பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓட ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. அவன் ஒயரை வாயிலிருந்து எடுத்தான்.

"இன்னிக்கு முன்னாலயே உட்டுட்டானுங்க," என்று சிரித்தான்.

ஒன்றும் ஆகவில்லை.

"மேல வா மாப்ளே," என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். போர்டில் மூன்று கட்டையும் இல்லை.

வீட்டு வாசலில் கிடந்தன. எடுத்தேன். ஈரமாக, வழவழவென்று இருந்தன. இரண்டு நாளாகத் தண்ணீர் பாயாத தோட்டம், வாய்க்கால் எல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

ருக்குமணி உள்ளிருந்து வந்தாள்.

"ஏனுங்க, யாருங்க வந்தது?"

"ஏன் அம்மணி?"

"புள்ளை பக்கத்துல உக்காந்திருந்தனுங்க. வாசல்ல தக்குனு உழுந்துச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு மறுக்கா. மூணு தடவை. நானும் பழக்கத்துல போதும் போடான்னுபோட்டேன். அப்புறந்தான்..."

கவிதா காய்ச்சலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த பொன்னுசாமி என் கையைப் பார்த்தான். "மறக்காமக் கழட்டி இங்க வெச்சீங்களே மச்சான். இல்லீன்னா இந்நேரம் சொந்தக்காரங்களுக்கு ஆள் உட்டிருக்கோணும்."

நான் கட்டைகளை மடியில் முடிந்துகொண்டேன். ருக்குமணி என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்டதில்லை.

இன்றைக்கும் விசேஷ வீட்டுப் பந்தியில் பொன்னுசாமி நாலு பேரிடம் சொல்வான்: "எங்க மச்சானை நம்பிக் கெணத்துல எறங்கலாமுங்க." நான் பாதியிலேயே இலையை மூடிவிடுவேன். இதுவரை அவனிடம் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஜிம்மி பின்னங்காலில் நின்றால் என் நெஞ்சுக்கு எட்டும், அதற்குமேல் எட்டாது. மறுநாள் தனியாகக் கொட்டகைக்குப் போய் டேப் பிடித்தேன். தரையிலிருந்து பீஸ் கட்டை வரைக்கும்.

ஆறே கால் அடி.